ஏ போடணுமா, ஆன் போடணுமா? ஆங்கிலத்தில் சுருக்கங்களைச் சரியாக எழுத ஒரு செய்முறை

போன வாரம் அக்கா மகள் தன் முதல் வேலை விண்ணப்ப மெயிலை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் போனை என்னிடம் நீட்டினாள். மூன்றே வரி. முதல் வரி "ஐ ஆம் ஏ எம்.பி.ஏ. கிராஜுவேட்." அடுத்தது "ஐ வொர்க்டு வித் 2 என்.ஜி.ஓ.'ஸ்." கடைசி வரி "பி.எஃப்.ஏ. தி அட்டாச்டு ரெஸ்யூமே, சர்டிபிகேட்ஸ் அண்ட் எட்செட்ரா."

ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே வரும். ஆனாலும் மூன்று வரியில் நான்கு பிழை, நான்கும் சுருக்கங்களில்தான். டென்ஸ், வாய்ஸ் எல்லாம் பள்ளியில் வருடக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். இதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய ஒரு ஆங்கில மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: படிப்பவருக்குத் தெரியுமா என்று பாருங்கள்

மெயிலில் உள்ள சுருக்கங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று குறியுங்கள். டி.சி. என்றால் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ், ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஏ.சி. என்றால் வீட்டில் குளிர்சாதனம், காவல் துறையில் உதவி ஆணையர். குழப்பத்துக்கு இடம் இருந்தால், முதல்முறை முழுப்பெயரை எழுதி அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைப் போடுங்கள். அதற்குப் பிறகு சுருக்கம் மட்டும் போதும். மெயில் முழுக்க ஒரே ஒரு முறைதான் வருகிறதா? அப்படியானால் சுருக்கமே வேண்டாம், முழுப்பெயரை எழுதிவிடுங்கள். டி.வி., ஏ.டி.எம். போன்றவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

படி 2: ஏ-வா, ஆன்-ஆ?

"சித்தி, எம் வவல் இல்லையே, அப்போ ஏ தானே போடணும்?" என்றாள். எல்லாரும் வழுக்கும் இடம் இது. வவல் எழுத்தா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்கிறோம். ஆனால் ஏ, ஆன் இரண்டும் ஒலியைப் பார்த்து வருபவை.

இதற்குத் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. சுருக்கத்தின் முதல் எழுத்தை நாம் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன், இல்லாவிட்டால் ஏ. எம் என்பது எகரத்தில் தொடங்குகிறது, எனவே ஆன் எம்.பி.ஏ. அதே கணக்கில் ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எல்.ஐ.சி. பாலிசி, ஆன் எஸ்.எம்.எஸ்., ஆன் ஆர்.டி.ஐ. மனு. யு.பி.எஸ்.சி.யைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த முதல் எழுத்து வவல்தான், ஆனால் தமிழில் எழுதினால் யகரம் வந்து நிற்கிறது. ஆகவே ஏ யு.பி.எஸ்.சி. தேர்வு.

இந்தச் சோதனை மூன்று இடத்தில் காலை வாரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒய், இசட் என்று நாம் உயிரெழுத்தில் எழுதினாலும், ஆங்கில உச்சரிப்பு வை, ஸெட். அதனால் ஏ ஒய்.எம்.சி.ஏ. விடுதி என்றுதான் வரும். மூன்றாவது எச். நம்மில் பலர் ஹெச் என்கிறோம். அகராதிகள் தரும் வழக்கமான உச்சரிப்பு ஏய்ச், அதில் ஹகரம் இல்லை. ஆகவே ஆன் எச்.ஆர். மேனேஜர்.

அப்புறம், எழுத்து எழுத்தாகச் சொல்லாமல் ஒரே சொல்லாகப் படிக்கும் சுருக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தச் சொல்லின் ஒலிதான் கணக்கு. நாசாவின் முதல் எழுத்து என், ஆனால் நாம் சொல்வது நாசா. எனவே ஏ நாசா விஞ்ஞானி, ஆனால் ஆன் இஸ்ரோ விஞ்ஞானி.

படி 3: பன்மைக்கு மேல்கமா வேண்டாம்

ஒன்றுக்கு மேற்பட்ட என்.ஜி.ஓ. என்றால் கடைசியில் சிறிய எஸ் மட்டும் ஒட்டினால் போதும். மேல்கமா, அதாவது அப்பாஸ்ட்ரபி, உடைமையைக் காட்டுவதற்கு: எம்.எல்.ஏ.வின் கார், என்.ஜி.ஓ.வின் அலுவலகம். உங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது 'கள்' வந்தால் மேல்கமா கிடையாது. 'உடைய' வந்தால் மேல்கமா உண்டு.

படி 4: ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லாதீர்கள்

பி.எஃப்.ஏ. என்பதை விரித்தால் 'பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு', அதாவது 'இணைப்பைப் பாருங்கள்' என்று வரும். அதற்குப் பின்னால் அட்டாச்டு என்று எழுதினால் இணைத்ததையே மறுபடி இணைத்த மாதிரி. ஏ.டி.எம்.மில் கடைசி எழுத்தே மெஷின்தான், ஆகவே ஏ.டி.எம். மெஷின் வேண்டாம். பின் நம்பரும் அப்படித்தான். வங்கியின் பின்னாக இருந்தாலும், அஞ்சல் துறை 1972-இல் கொண்டுவந்த பின்னாக இருந்தாலும், அதன் கடைசி எழுத்து நம்பர்.

அழைப்பிதழ்களில் அச்சிடும் ஆர்.எஸ்.வி.பி. பிரெஞ்சுத் தொடர். 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்று பொருள். தயவுசெய்து உள்ளேயே இருப்பதால் முன்னால் பிளீஸ் தேவையில்லை. பேச்சில் இவை எல்லாம் வந்துபோகட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் தவிர்த்துவிடுங்கள். விண்ணப்பத்தில் பி.எஃப்.ஏ.வே எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு வாக்கியம் முழுதாக எழுதினால் மரியாதையாக இருக்கும்.

படி 5: ஈ.ஜி., ஐ.ஈ., எட்செட்ரா

மூன்றும் லத்தீன். முதலிரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் அதிகம். தமிழில் அந்த இடத்தில் எ.கா. போடுவீர்களா? அப்படியானால் ஈ.ஜி. 'அதாவது' என்று சொல்வீர்களா? அப்படியானால் ஐ.ஈ. பழங்கள், எ.கா. மா, பலா. முக்கனி, அதாவது மா, பலா, வாழை. முதலாவதில் இன்னும் பழங்கள் இருக்கலாம், இரண்டாவதில் பட்டியல் முடிந்துவிட்டது. இந்த ஒரு எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மாறாது.

எட்செட்ராவில் எட் என்றாலே 'மற்றும்'. எனவே அதன் முன்னால் அண்ட் கூடாது. ஈ.ஜி. போட்டுத் தொடங்கிய பட்டியலின் கடைசியிலும் எட்செட்ரா வேண்டாம். எடுத்துக்காட்டு என்று சொன்னபோதே இன்னும் உண்டு என்று ஆகிவிட்டது. எட்செட்ராவின் புள்ளியோடு வாக்கியமும் முடிந்தால் ஒரே புள்ளி போதும்.

படி 6: புள்ளிகளும் அளவுகளும்

தமிழில் எம்.பி.ஏ. என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்று பெரிய எழுத்துகளைப் புள்ளியில்லாமல் சேர்த்து எழுதுவதே பரவலான வழக்கம். டாக்டர், மிஸ்டர் ஆகியவற்றின் சுருக்கத்துக்கு அமெரிக்கர்கள் புள்ளி வைப்பார்கள், பிரிட்டன் வழக்கில் பெரும்பாலும் வைப்பதில்லை. இரண்டும் சரிதான். ஒரு கடிதத்துக்குள் ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

கிலோகிராம், கிலோமீட்டர் குறியீடுகளுக்குச் சிறிய எழுத்து, முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் எஸ்ஸும் இல்லை, புள்ளியும் இல்லை. 5 கிலோ ஆனாலும் 500 கிலோ ஆனாலும் குறியீடு மாறாது. பெரிய கே தனியாக நின்றால் அது கெல்வின், வெப்பநிலை அலகு.

சரி, அவள் மெயிலுக்கு வருவோம். முதல் வரியில் ஏ போய் ஆன் வந்தது. இரண்டாவதில் மேல்கமா போனது. கடைசி வரியைப் பார்த்து, "எட்செட்ரான்னு போட்டியே, ரெஸ்யூமே, சர்டிபிகேட் தவிர வேற என்ன அனுப்புற?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் இல்ல சித்தி" என்று சொல்லி அந்தச் சொல்லையே அழித்தாள். பி.எஃப்.ஏ. இருந்த இடத்தில், ரெஸ்யூமேவையும் சான்றிதழ்களையும் இணைத்திருக்கிறேன் என்று ஒரு முழு வாக்கியம் எழுதி அனுப்பினாள்.