தூசிக்கு அலறும் அலாரம்: பெங்களூரு அடுக்ககங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் ஏதாவது ஒரு வீட்டில் இன்டீரியர் வேலை நடந்துகொண்டே இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் டைல்ஸ் வெட்டுவார்கள், சுவரில் பட்டி தேய்ப்பார்கள். மதியத்துக்குள் மாடி முழுக்க ஃபயர் அலாரம் அலறும், செக்யூரிட்டி ஓடிப்போய்ச் சத்தத்தை நிறுத்துவார். நாலு முறை இப்படி ஆனால், ஐந்தாவது முறை யாரும் கதவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இப்போது பரவலாகப் பொருத்தப்படும் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஓர் இருட்டு அறை உண்டு. ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி விடும் சின்ன விளக்கு, அதன் நேர்ப்பார்வையில் படாதபடி தள்ளி ஓர் ஒளி உணரி. புகை உள்ளே வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி உணரியை எட்டும், அலாரம் அடிக்கும். ஓட்டு வீட்டின் கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். ஒளியைச் சிதறடிப்பது புகையா தூசியா என்று சாதாரண டிடெக்டருக்குத் தெரியாது. பட்டி, ஜிப்சம் போன்ற வெள்ளைத் தூசி ஒளியை நன்றாகவே சிதறடிக்கும்.

வேலை முடிந்து தூசி அடங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவது முதல் தவறு. உள்ளே படிந்த தூசி எப்போதும் கொஞ்சம் ஒளியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதன் மேல் சாம்பிராணிப் புகை லேசாகப் பட்டாலே அலாரம் அடித்துவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஓரத்து வலையைத் தூசி அடைத்துக்கொண்டால் நிஜமான புகை உள்ளே நுழையவே நேரமாகும். சத்தம் போடாத டிடெக்டர் நல்ல டிடெக்டர் என்று நினைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, தொல்லை தாங்காமல் அந்த மாடியின் அலாரம் இணைப்பையே பேனலில் (அலாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியில்) துண்டித்து வைப்பது. வேலை ஒரு வீட்டில், பாதுகாப்பு போவதோ மாடி முழுவதற்கும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலை கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத் தீ விபத்தில் 9 பேர் இறந்தார்கள். மேல் மாடிகளில் இருந்தவர்களை மூச்சுத் திணற வைத்தது புகை. புகையை முதலில் கண்டு சொல்லும் கருவியை நாமே ஊமையாக்கலாமா? வேலை நடக்கும் வீட்டின் டிடெக்டருக்கு மட்டும் மூடி போடுங்கள். சாயங்காலம் ஆட்கள் கிளம்பும்போது அதைக் கழற்றும் பொறுப்பை மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கட்டும்போது மாட்டிய பிளாஸ்டிக் மூடியோடு, குடியேறிய பிறகும் டிடெக்டர்கள் தொங்கும் வீடுகள் உண்டு. உங்கள் வீட்டுக் கூரையை இன்றே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

அலாரம் அடித்ததும் ரீசெட் செய்துவிடுவதும் கூடாது. எந்த டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று முதலில் போய்ப் பார்த்து, குறித்து வைக்க வேண்டும். ரீசெட் செய்தால் அந்தத் தடயம் அணைந்துவிடும். ஒரே டிடெக்டர் திரும்பத் திரும்ப அடித்தால் அழுக்கு அதில்தான் என்று புரியும்.

ஈரத்துணி, கிளீனர் ஸ்பிரே, வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். ஈரம் உள்ளே போனால் புதுத் தொல்லை, ஊதினால் தூசி இன்னும் ஆழத்துக்குப் போகும். கண்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டு, மெல்லிய பிரஷ் மாட்டிய வேக்குவம் கிளீனரால் வெளிப்புறத்தையும் வலையையும் உறிஞ்சி எடுங்கள். உள்ளறையைத் திறப்பது பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வேலை. பெயின்ட் அடிக்கும்போது டிடெக்டர் மேலும் தூரிகை ஓட்டிவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சமையலறைக்குள் ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் தாளிக்கும்போதெல்லாம் அடிக்கும். அங்கே வெப்பத்தை உணரும் ஹீட் டிடெக்டர் போடுவதே சரி. ஏசி காற்று நேராக வீசும் இடத்தையும் தவிருங்கள், தூசியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் புகையை விலக்கிவிடுவதும் அந்தக் காற்றுதான். சுத்தம் செய்த பிறகும் அடங்காத டிடெக்டரை மாற்றச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். புதிதாக மாட்டியதைச் சோதனைப் புகை விட்டுக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.