தாடை முடிக்கு லேசர்: கருந்திட்டிலிருந்து மீண்ட கதை

பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு தந்த தாடை முடிக்கு ஓர் அழகு நிலையத்தில் ஐபிஎல் (தீவிர ஒளியைப் பாய்ச்சி முடி நீக்கும் முறை) செய்துகொண்டேன். மறுநாளே கட்டம் கட்டமாகக் கொப்புளம், ஆறியதும் கருந்திட்டுகள். கண்ணாடி பார்க்கவே மனம் வரவில்லை.

தோல் மருத்துவர்தான் விளக்கினார்: முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி மட்டுமல்ல, என் கருநிறத் தோலின் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகியிருக்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் என்ற லேசரை மேல்தோல் குறைவாகவே உறிஞ்சும். அது ஆழமாக இறங்கி முடிவேரைச் சுடும். கருவி எது என்று முன்பே கேட்டிருக்க வேண்டும் நான்.

சன்ஸ்கிரீன், கருமையைக் குறைக்கும் அசெலாயிக் அமிலக் களிம்பு என்று 6 மாதம் திட்டுகள் மங்கக் காத்திருந்தேன். பிறகு காதோரம் சிறு இடத்தில் என்டி-யாக் லேசர் சோதனை. 2 வாரம் பார்த்துவிட்டுத்தான் முழுத் தாடை, குளிர்காற்று ஊத ஊத. வலி கூடுதல்தான், பொறுத்துக்கொண்டேன். 6 வார இடைவெளியில் 8 முறை. முடி முக்கால்வாசி போயிற்று. புதுத் திட்டு ஒன்றுகூட இல்லை.