வெள்ளவத்தையில் ஐரிஷ் மெட்டு: கூடி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு

ஐரிஷ் மரபிசையில் பிரதான கலைஞர் என்று ஒருவர் இல்லை. வயலின், புல்லாங்குழல், டின் விசில் (ஆறு துளைத் தகரக் குழல்), மண்டலின் எல்லாம் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கும். கச்சேரிப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இதுதான் கடினம். நான் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சிறு குழு கூடுகிறது. கெட்டிக்காரர்களைவிட, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தெரிந்தவர்களால்தான் எங்கள் குழு நன்றாக ஒலிக்கிறது. அடுத்தவருடைய வாத்தியம் உங்கள் காதில் விழவில்லையென்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள்.

முதலில் சுருதி. செஷன் எனப்படும் இந்தக் கூடி வாசிப்புகளில் வழக்கமான டின் விசில் டி சுருதி, அதாவது நம்முடைய 2 கட்டை. ஆறு துளையையும் மூடினால் அந்த டி. வயலின்காரர்கள் ச‑ப‑ச‑ப கூட்டுவதை விட்டு ஜி, டி, ஏ, ஈ என்று கூட்ட வேண்டும், மண்டலினுக்கும் அதேதான். பழைய தந்தியை ஈ வரை ஏற்றினால் அறுந்துவிடலாம், புதிது போடுங்கள்.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஸ்வரங்கள் புதிதல்ல. பல மெட்டுகள் சங்கராபரண ஸ்வரங்களில் இருக்கும். ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஸ்வரங்களிலும் நிறைய உண்டு. ஆனால் ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கமகம் வேண்டாம். ஸ்வரம் நேராக நிற்க வேண்டும். அலங்காரம் கட் (வெட்டு), ரோல் போன்ற சின்னத் தட்டுகளில் வரும். ரோல் என்றால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி மேல் விரலால் ஒரு வெட்டு, திரும்ப அந்த ஸ்வரம், கீழே ஒரு தொடுகை, திரும்ப அதே ஸ்வரம். முதல் சில மாதங்களுக்கு அதுவும் இல்லாமல் மெட்டை மட்டும் வாசியுங்கள். வில்லோட்டம் சரியானால் மற்றது தானாக வரும்.

ஜிக், ரீல் இரண்டும் நடன மெட்டு வகைகள். ஜிக் 6/8, நம் திச்ர நடை. ரீல் 4/4, சதுச்ரம். பைலா கேட்டு வளர்ந்த கொழும்புக்காரருக்கு ஆறு எண்ணுவது உடம்பிலேயே இருக்கிறது, ஆனால் பைலாவின் துள்ளலை ஜிக்குக்குள் கொண்டுவராதீர்கள். ஒன்றிலும் நான்கிலும் மெல்லிய அழுத்தம் போதும். 9/8இல் வரும் ஸ்லிப் ஜிக் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் 8 தாள அளவு, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தால் மொத்தம் 32. அதை மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்த மெட்டுக்குப் போவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தது ஒரு செட். மெட்டு மாறும் இடத்தில்தான் புதுக் குழு தடுமாறும். அதனால் செட்டைத் தொடங்குகிறவரே மாற்றத்தையும் அறிவிக்கட்டும்: கடைசிச் சுற்றில் தலை நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை, தேவையானால் "ஹப்!" என்று ஒரு குரல்.

மெட்டைக் காதால் படியுங்கள். ஒருவர் ஒரு சொற்றொடர் வாசிக்க மற்றவர்கள் திருப்பி வாசிப்பது நமக்குக் குருவிடம் பழகிய வழிதானே. சிக்காகோ பொலிஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1907இல் 1001 நடன மெட்டுகளை அச்சிட்டார். அது பெரிய புதையல், ஆனால் தாளில் எலும்புதான் இருக்கும். சந்தேகம் தீர்க்கப் பாருங்கள், வாசிக்கும்போது மூடி வையுங்கள். தெரியாத மெட்டு வந்தால் வாத்தியத்தை மடியில் வைத்துக் கேளுங்கள். இடையிடையே தடவித் தேடுவது மற்றவர்களின் இசையைக் கலைக்கும்.

கை இல்லாத கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். கிற்றார் ஒன்று போதும். இரண்டு இருந்தால் கோர்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மோதும். டி‑ஏ‑டி‑ஜி‑ஏ‑டி என்று கூட்டினால் காந்தாரம் இல்லாத திறந்த தந்திகள் தம்பூரா மாதிரி மெட்டுக்கு அடியில் நிற்கும், எனக்கு மிகவும் பிடித்த ஒலி அது. பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறையும் ஒன்றே ஒன்று. கொழும்பு ஈரப்பதத்தில் அந்தத் தோல் தொய்ந்துவிடும். முறுக்கித் திருத்தும் திருகு உள்ளதாக வாங்குங்கள், தொடங்குமுன் சற்று நேரம் ஃபானுக்கு முன் வையுங்கள். எங்களிடம் அதை வாசிப்பவர் மிருதங்கக்காரர். அவர் கோர்வை (தாளக் கணக்கில் முடிக்கும் சொற்கட்டு) வைப்பதில்லை, மெட்டு போகும் வழியில் போகிறார், அதனால்தான் அவர் எங்களுக்கு வேண்டும்.

கரையோர ரயில் போகும்போது வாசிப்பை நிறுத்தாதீர்கள். சில கணங்கள் ஒருவரை ஒருவர் கேட்க முடியாது. ரயில் போன பிறகும் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் குழுவின் லயம் ஊன்றிவிட்டது என்று நம்பலாம்.

இது தொலைதூரத்து இசை என்று தயங்க வேண்டாம். 1940களின் இறுதியில் லண்டனுக்கு வேலை தேடிப் போன ஐரிஷ்காரர்கள் அங்கத்தைய மதுச்சாலைகளில் கூடி வாசித்ததில்தான் இன்றைய செஷன் பெரிதும் வளர்ந்தது. ஊரை விட்டு வந்தவர்களின் கூடல் எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்து மெட்டாவது கையில் நின்ற பிறகு மேடையைப் பற்றி யோசியுங்கள். அங்கும் ஆளுக்கொரு மைக் கேட்காமல், வட்டத்தைச் சற்றுத் திறந்து நடுவில் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். யார் சத்தம், யார் மெல்ல என்பதை நீங்களே கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.