மிஞ்சின வைனை ஊற்றிவிடாதீர்கள்

நத்தாருக்கு மருமகன் கொண்டுவந்த சிவப்பு வைனில் அரைப் போத்தல் மிஞ்சிவிட்டது. கிளிநொச்சி வெக்கையில் வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும்; காற்றுப் படுவதுதான் காரணம். ஆகவே சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, பிரிட்ஜில் வையுங்கள். நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய விடலாம். மதுசாரம் இருப்பதால் கல்லுப்போல இறுகாது, கொஞ்சம் சொதசொதவென்றுதான் இருக்கும். அப்புறம் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

ஆட்டிறைச்சி வதங்கும்போது இரண்டு கட்டி போட்டு, சாராய நெடி போகும்வரை கொதிக்கவிட்ட பிறகே தேங்காய்ப்பால் விடுங்கள். இல்லாவிட்டால் பால் திரையலாம். புளியையும் குறையுங்கள். நான் மறந்துபோய், ஒரு சட்டி கறியும் பல்லுக் கூசுகிற புளிப்பு!