திடப்படுத்தல் வகுப்பை எங்கே தொடங்குவது?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் பத்தொன்பது வருஷமாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுமுன் படிக்கும் வகுப்பு இது. பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாக்பீஸ் கையை விட்டுப் போகவில்லை. ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல, "எல்லாரும் பாவஞ்செய்து" என்ற வசனத்தில்தான் முதல் வகுப்பைத் தொடங்கினேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு பெண் என்னிடம் வந்து, "டீச்சர், இந்த உடம்பே அசுத்தந்தான, பிறகு எதுக்குக் கடவுள் இதைக் கொடுத்தார்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையை நான் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், பாவம் நுழைகிற மூன்றாம் அதிகாரத்திலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படைப்பைச் சொல்லும் முதல் இரண்டு அதிகாரமும் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

புதிதாக இந்த வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்காக, இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் ஒரு உருண்டைக் களிமண் கொண்டுபோங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்லுங்கள். பானை, மாடு, கிரிக்கெட் மட்டை என்று வரும். பிறகு மண்ணையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, "சரி, இப்போ செய்யுங்க" என்று சொல்லுங்கள். வெறுங்கையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நேரத்தில், ஆராதனையில் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியைப் பலகையில் எழுதுங்கள்: வானத்தையும் பூமியையும் படைத்த பிதா. எபிரெய வேதத்தில் படைப்பைச் சொல்லும் 'பாரா' என்ற வினைக்கு எழுவாயாக வருவது கடவுள் மட்டுந்தான். இலக்கணம் நடத்தியவள் என்பதால் எனக்கு இது தனி சந்தோஷம். ஆனால் 'ஒன்றுமில்லாமையிலிருந்து' என்ற சொல் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இல்லை. சபை அதைத் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது கி.பி. 2ஆம் நூற்றாண்டில். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இடம் விளங்க ஒரு ஒப்பீடு உதவும். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி. இறைவனைப் போலவே உயிர்களுக்கும் தொடக்கம் கிடையாது. கிறிஸ்தவத்தில் தொடக்கமில்லாதவர் கடவுள் ஒருவரே. உயிர், மண், காலம் எல்லாமே அவரால் உண்டானவை. இதை மட்டம்தட்டும் குரலில் சொல்லாதீர்கள். வகுப்பிலிருக்கும் பாதிப் பேருக்குச் சொந்தத்தில் சைவக் குடும்பம் இருக்கும்.

இரண்டாம் வாரத்துக்குக் கலர் பென்சில் வேண்டும். முதல் அதிகாரத்தில் 'நல்லது' என்று வரும் இடத்திலெல்லாம் பச்சைக் கோடு போடச் சொல்லுங்கள். ஆறு இடம் கிடைக்கும். ஏழாவதாக 31ஆம் வசனத்தில் 'மிகவும் நன்றாயிருந்தது'. ஒரு பையன் எழுந்து, "அப்போ கொசுவும் நல்லதா டீச்சர்?" என்றான். வருஷத்துக்கு ஒருவனாவது கேட்பான். எனக்குப் பதில் தெரியாது, தெரியாது என்றே சொல்கிறேன்.

ஆறு நாளா, அறிவியலா என்ற சண்டையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷம் நான் மாட்டி, நான்கு ஞாயிறு வீணாய்ப் போனது. சூரியன் வருவதே நான்காம் நாளில்தான், அப்படியானால் முதல் மூன்று நாளும் எப்படிப்பட்ட நாள் என்று கேட்டுவிட்டு நகருங்கள். அவை நாம் அறிந்த சாதாரண நாட்கள்தானா என்ற கேள்வி, சுமார் 1,600 வருஷத்துக்கு முன்பே, பழைய சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனுக்கும் இருந்தது.

அந்த நேரத்தை மிச்சம்பிடித்து 16ஆம் வசனத்தில் செலவழியுங்கள். அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயரே கிடையாது. பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். யூதர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சிறைப்பட்டுப் போன பாபிலோனில் சூரியன் ஷமாஷ் என்ற தெய்வம், சந்திரன் சின் என்ற தெய்வம். அந்த ஊர்ப் படைப்புக் கதையில் மர்துக் என்ற தெய்வம், கடலின் உருவான தியாமத் என்ற பெண் தெய்வத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தை அமைக்கிறது. மனிதர்கள், தோற்றுப்போன இன்னொரு தெய்வத்தின் இரத்தத்திலிருந்து, தேவர்களின் வேலையைச் சுமக்க உண்டாக்கப்படுகிறார்கள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு 26, 27ஆம் வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து நாடுகளில் தெய்வத்தின் சாயல் என்ற பெயர் பெரும்பாலும் அரசனுக்குத்தான். இங்கே ஆண், பெண் எல்லாருக்கும். நம் சபைகளிலேயே சாதி பார்த்துக் கல்லறைக்குள் சுவர் எழுப்பிய கதைகள் உண்டு. அதை இந்த வாரமே பேசிவிடுங்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பிறகுதான் மூன்றாம் அதிகாரம். அங்கே ஆப்பிள் இல்லை, கனி என்று மட்டுமே இருக்கிறது. "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கடவுள் கேட்டதும், ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், அவள் பாம்பைக் காட்டுகிறாள். கண்ணாடி உடைந்த வகுப்பறையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்லதாயிருந்தது கெட்டுப்போனது என்ற வருத்தம் பிள்ளைகளுக்குள் இறங்க, முன்னால் போட்ட பச்சைக் கோடுகள் இருக்கவேண்டும்.

அடுத்து யோவான் சுவிசேஷம். அதுவும் 'ஆதியிலே' என்றுதான் தொடங்குகிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஆதியிலே கடவுளோடு இருந்ததாக அங்கே சொல்லும் 'வார்த்தை', 14ஆம் வசனத்தில் மாம்சமாகிறது, அதாவது இயேசுவாக மனித உடல் எடுக்கிறது. உயிர்த்தெழுதலுக்கு நான் எடுப்பது லூக்கா 24. பயந்துபோன சீஷர்களிடம் இயேசு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை அவர்கள் முன்னாலேயே சாப்பிடுகிறார். ஆவி மீன் தின்னாது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிரமாணத்தின் கடைசியில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று ஏன் இருக்கிறது என்பதற்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை. நேரமிருந்தால் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் 21ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். நாம் மேலே ஏறிப் போவதாக அங்கே இல்லை, புதிய எருசலேம் என்ற நகரந்தான் கீழே இறங்கி வருகிறது.

கடைசி வீட்டுப்பாடம்: அந்த வாரம் கண்ணில் பட்ட மூன்று நல்லதை எழுதி வரவேண்டும். போன வருஷம் ஒரு பெண் எழுதியது: மழை விட்டதும் முருங்கை மரம், ஆச்சியின் வெற்றிலை வாசம், பொரித்த சாளை. கொசுப் பையன் ஒன்றும் எழுதாமல் வந்து, அவளுடைய சாளையைத் தானும் எழுதிக்கொண்டான். கலர் பென்சில் மட்டும் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள், பச்சைதான் முதலில் தீரும்.