தாடை ஆபரேஷனுக்கு உடம்பையும் சமையலறையையும் தயார் செய்வது எப்படி

கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருப்பவர்கள், உள்வாங்கியிருப்பவர்கள், சிரித்தால் ஈறு முழுக்கத் தெரிபவர்கள், வாயை மூடினாலும் முன்பற்கள் சேராதவர்கள் என்று பலருக்கும் வெறும் பல் கிளிப் போட்டுச் சரிசெய்ய முடியாத கட்டம் ஒன்று உண்டு. அப்போது தாடை எலும்பை வெட்டி, சரியான இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். வெட்டு பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் பெரிய தழும்பு விழாது. எலும்பை நகர்த்துவது சர்ஜனின் பொறுப்பு. அதற்கு முந்தைய மாதங்களும் பிந்தைய ஆறு வாரங்களும் உங்கள் பொறுப்பு.

மாதக்கணக்கில் முன்னதாக

வளர்ச்சி நின்ற பிறகே இந்த ஆபரேஷன். பெண்களுக்குப் பொதுவாக 16, 17 வயதுக்கு மேல், ஆண்களுக்கு 18-க்கு மேல். கீழ்த்தாடை முன்தள்ளியவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருட இடைவெளியில் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டுத்தான் வளர்ச்சி நின்றதா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டால் தாடை மறுபடி வளர்ந்து கடி, அதாவது மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம், மாறிவிடும்.

ஆபரேஷனுக்கு முன் 12 முதல் 18 மாதம் கிளிப் போட வேண்டியிருக்கும். இந்தக் காலத்தில் கடி மோசமாகிக்கொண்டே போகும், முகமும் முன்னைவிடக் கோணலாகத் தெரியலாம். பலர் பயந்து பாதியில் நிறுத்துவது இங்கேதான். தாடைக் குறையைச் சமாளிக்கப் பற்கள் இத்தனை வருடமாகச் சாய்ந்து நின்றிருக்கும். அவற்றை நிமிர்த்தினால்தான் எலும்பைத் தேவையான அளவு நகர்த்த முடியும். ஆகவே கடி கெடுவது சிகிச்சை சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். இதை வீட்டாருக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கீழ்த்தாடையை வெட்டப்போகிறார்கள் என்றால், ஞானப்பல்லைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே எடுக்கச் சொல்லும் சர்ஜன்கள் அதிகம். வெட்டு அந்த இடத்தை ஒட்டியே போகிறது. பல்லோ ஆறாத குழியோ அங்கே இருந்தால் எலும்பு தப்பான இடத்தில் பிளக்கலாம், திருகுக்கும் பிடிமானம் குறையும். சொத்தை அடைப்பது, பல் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். பிறகு பல வாரம் வாய் சரியாகத் திறக்காது.

ரத்தப் பரிசோதனையை இரண்டு மாதம் முன்பே ஒருமுறை செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் வேண்டும். கடைசி வாரத்தில் தெரிந்தால் தேதி தள்ளிப்போகும். சிகரெட், பீடி, பான் பராக் எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடக் கூடாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தையல் பிரியும், எலும்பு சேரத் தாமதமாகும்.

சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, தைராய்டு மாத்திரை, மீன் எண்ணெய், சித்த மருந்து, கஷாயம், எதையும் விடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இன்சூரன்ஸ் இருந்தால் விதிவிலக்குப் பட்டியலில் 'எக்ஸ்ல் 08' (Excl08) என்ற குறியீட்டைப் பாருங்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பதே அது. மருத்துவ அவசியம் என்று சிகிச்சையளிக்கும் டாக்டர் சான்றளித்தால் பணம் கேட்க அதிலேயே இடம் உண்டு, ஆனால் அந்த நிபந்தனை கடுமையானது. மெல்லும் சிரமம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றை எக்ஸ்ரே, தூக்கப் பரிசோதனை அறிக்கைகளோடு டாக்டர் கடிதத்தில் எழுதி வாங்கி, ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் கேளுங்கள். பில் வந்த பிறகு வாதாடுவது கடினம்.

சர்ஜனிடம் கேட்டே ஆக வேண்டிய மூன்று கேள்விகள்: எந்தத் தாடை, எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது? வாயைக் கம்பியால் கட்டுவீர்களா, ரப்பர் பேண்டு மட்டுமா? உதடு, தாடை மரத்துப்போவது எவ்வளவு நாள் இருக்கும்? கீழ்த்தாடை ஆபரேஷனில் நரம்பு வெட்டுக்கு அருகிலேயே ஓடுவதால் மரப்பு சாதாரணம். பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாக நிற்கும். இதை ஏற்க முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

சமையலறை

முதல் ஒன்றிரண்டு வாரம் திரவ உணவு, பிறகு ஆறாவது வாரம்வரை மெல்லத் தேவையில்லாத குழைவான உணவு. சில கிலோ எடை குறைவது சகஜம். ஒல்லியானவர்கள் முன்கூட்டியே இரண்டு கிலோ ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். பசியை விடப் பெரிய தொல்லை புரதக் குறைவு, புண் ஆறுவதே அதனால்தான் தாமதமாகும்.

அடிப்படைக் கணக்கு இதுதான். 250 மில்லி பாலில் 30 கிராம் பால் பவுடரைக் கரைத்தால் ஏறக்குறைய 300 கலோரியும் 15 கிராம் புரதமும் கிடைக்கும். இரண்டரை மணிக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஆறு தடவை என்றால் 1800 கலோரி. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பருப்பை நம்பலாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, தாளிக்காமல், ஒரு ஸ்பூன் நெய்யோடு மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள். கடுகு, கறிவேப்பிலை, தக்காளி விதை, மிளகுத் திப்பி எல்லாம் தையலில் போய் மாட்டிக்கொள்ளும். கேழ்வரகுக் கூழை ஆறும்போது கெட்டியாகிவிடும் என்பதால் மோர் விட்டு நீர்க்கக் கலக்க வேண்டும். பச்சை முட்டை வேண்டாம், வேகவைத்து சூப்போடு அரைத்துக்கொள்ளலாம். கோழியைத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிக் குடித்தால் சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது, சதையையும் சேர்த்து மசிய அரையுங்கள். எதுவானாலும் வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும்.

வாங்கி வைக்க வேண்டியவை: 50 மில்லி சிரிஞ்சும் அதன் முனையில் பொருந்தும் மெல்லிய குழாயும், நுண்ணிய வடிகட்டி, குழந்தைகளுக்கான சின்ன மென்மையான பிரஷ், வாஸ்லின், ஐஸ் பை இரண்டு, கூடுதல் தலையணை, எழுதிக் காட்ட ஒரு நோட்டு. சிரிஞ்சுக் குழாயைக் கன்னத்தின் உட்புறம் பின்பக்கமாக வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக விட வேண்டும். சர்ஜன் அனுமதிக்கும்வரை ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும் இழுப்பு தையலைத் தொந்தரவு செய்யும். திரவ உணவும் வலி மருந்தும் சேர்ந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கு உலர்திராட்சை ஊறிய நீரை வடிகட்டித் தாராளமாகக் கொடுக்கலாம். இசப்கோல் வேண்டாம், சிரிஞ்சிலேயே உறைந்துவிடும்.

கடைசி வாரம்

மயக்க மருந்துக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகப் போகும். மூக்குத்தியைக் கழற்றியே ஆக வேண்டும். இறுகிப்போன திருகை நகைக்கடையில் முன்பே தளர்த்திக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலி கழற்றத் தயங்குபவர்கள் மஞ்சள் கயிறுக்கு மாறலாமா என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். விரலில் அடர்ந்த மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் ஆக்சிஜன் அளக்கும் கருவி தவறாகக் காட்டலாம். மூக்குத் தண்டு வளைந்திருந்தாலும், சளி இருமல் வந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி ஆறு மணி நேரம் திட உணவும் பாலும் கூடாது. வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்வரை, மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே முடிவு.

பக்கத்தில் இருக்கப்போகிறவருக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். விழுங்கிய ரத்தம் முதல் இரவில் கருப்பாக வாந்தியாக வரலாம், உடனே நோயாளியை முன்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வாய் கம்பியால் கட்டப்பட்டிருந்தால் கம்பி வெட்டும் கட்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், எந்தக் கம்பியை வெட்டுவது என்று டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸைக் காட்டச் சொல்லுங்கள். வீக்கம் இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பகுதி மூன்று வாரத்தில் வடியும். முதல் 48 மணி நேரம் 20 நிமிடம் ஐஸ், 20 நிமிடம் ஓய்வு, தூங்கும்போது தலை உயரமாக. மேல் தாடை ஆபரேஷன் என்றால் சர்ஜன் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் முடிந்தவரை வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

மூச்சுத் திணறல், நிற்காத சிவப்பு ரத்தம், மூன்று நாளுக்குப் பிறகு காய்ச்சல், கடி திடீரென மாறுவது, கெண்டைக்கால் வலியோடு வீக்கம் இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அழைக்க, வார்டு எண்ணையும் இரவுப் பணி டாக்டர் எண்ணையும் வீட்டில் இருவர் போனிலாவது பதிந்து வையுங்கள்.