குட்டிப் பூனைச் சாப்பாட்டில் சிக்கனம்: பலரும் செய்யும் தவறுகள்

எட்டு வாரத்தில் முக்கால் கிலோகூட இல்லாத பூனைக்குட்டி, ஆறு மாதத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோவைத் தொட்டுவிடும். பத்து வாரக் குட்டிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி வேண்டும். வளர்ந்த பூனைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தச் சில மாதங்களில் சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்யும் காரியங்கள்தான் பின்னால் மருத்துவச் செலவாக வந்து நிற்கின்றன. உண்மையில் ஒரு குட்டியை நன்றாக வளர்க்கப் பெரிய செலவு ஆகாது. எந்த இடத்தில் பணம் வீணாகிறது என்று தெரிந்தால் போதும்.

பாக்கெட் விலையைப் பார்த்து முடிவெடுப்பது

கடையில் நிற்கும்போது ஈரத் தீனி அடைத்த 45 ரூபாய் பௌச் மலிவாகவும் 450 ரூபாய் டிரை ஃபுட் பாக்கெட் விலை கூடியதாகவும் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான். 80 கிராம் பௌச்சில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதில் கிடைப்பது 60 முதல் 70 கிலோ கலோரி. ஒரு கிலோ எடையுள்ள பத்து வாரக் குட்டிக்கு மூன்று பௌச் வேண்டும். பௌச் 45 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 135 ரூபாய். நல்ல கிட்டன் டிரை ஃபுட் 100 கிராமில் 370 முதல் 400 கிலோ கலோரி இருக்கும். அதே குட்டிக்கு 50, 55 கிராம் போதும். கிலோ 450 ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்கு 25 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கலோரி அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பௌச்சில் தண்ணீர் அதிகம் என்பது குறை இல்லை. பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவு, அதனால் ஈரமான சாப்பாடு நல்லதுதான். அந்த ஈரத்துக்காக மட்டும் பௌச் வாங்க வேண்டாம், டிரை ஃபுட்டில் வெந்நீர் ஊற்றினாலே கிடைத்துவிடும்.

லேபிளை வாசிக்காமல் வாங்குவது

பாக்கெட்டின் முன்பக்கத்தில் மீன் படமும் பெரிய எழுத்துகளும் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில். அங்கே ‘கம்ப்ளீட்’ என்று இருந்தால் அது மட்டுமே போட்டு வளர்க்கலாம். ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். குழாய் போன்ற பாக்கெட்டில் பிதுக்கி நக்கக் கொடுக்கும் கிரீம்கள் பெரும்பாலும் இந்த வகை. குட்டி அதை ஆசையாகச் சாப்பிடும், அதிலேயே வயிறு நிரம்பினால் வளர்ச்சி நிற்கும்.

அடுத்தது வயது. ‘கிட்டன்’, ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்று இருக்க வேண்டும். ‘அடல்ட் 1+’ போதாது. ஏ.ஏ.எஃப்.சி.ஓ. என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோலில், ஈரம் நீக்கிய கணக்குக்கு வளரும் குட்டிக்குப் புரதம் குறைந்தது 30 சதவீதம், கால்சியம் 1 சதவீதம். வளர்ந்த பூனைக்கு 26, 0.6. அடல்ட் பாக்கெட் கிலோவுக்கு 100, 150 ரூபாய் குறைவாக இருந்தாலும் ஒரு நாளைக்கு மிச்சமாவது ஐந்து முதல் எட்டு ரூபாய். அந்தச் சில ரூபாய்க்கு விட்டுக்கொடுப்பது எலும்புக்குப் போக வேண்டிய கால்சியத்தை.

பௌச்சையும் டிரை ஃபுட்டையும் புரதத்தில் ஒப்பிடும்போதும் பலர் ஏமாறுகிறார்கள். பௌச்சில் ‘புரதம் 8 சதவீதம், ஈரம் 82 சதவீதம்’ என்று போட்டிருந்தால், மீதி 18 பங்கில் 8 பங்கு புரதம், அதாவது 44 சதவீதம். டிரை ஃபுட்டில் ‘புரதம் 32, ஈரம் 10’ என்றால் 90இல் 32, சுமார் 36. இரண்டுமே குட்டிக்குப் போதும்.

பெட் ஷாப்களில் பெரிய மூட்டையைப் பிரித்து, வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டி ‘லூஸ்’ என்று விற்பதை வாங்கவே வேண்டாம். எது, என்ன வயதுக்கு, எப்போது காலாவதி என்று ஒன்றும் தெரியாது. காற்றும் ஈரப்பதமும் பட்டால் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், வைட்டமின்கள் குறையும், பூஞ்சையும் பிடிக்கும். ஒரே குட்டிக்கு ஏழு கிலோ மூட்டை வாங்குவதிலும் இதே சிக்கல். ஒரு கிலோ பாக்கெட் இரண்டு, மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும், அதுதான் சரியான அளவு. பாக்கெட்டோடு அப்படியே இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். டப்பாவில் நேரடியாகக் கொட்டினால் அடியில் படியும் எண்ணெய் கெட்டு அடுத்த பாக்கெட்டையும் கெடுக்கும்.

பால்சோறு, தயிர்சோறு

பூனை என்றாலே பால் என்ற பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. தாய்ப்பூனையின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை, தாய்ப்பால் மறந்த குட்டியின் குடல் சரியாகச் செரிக்காது. விளைவு வயிற்றுப்போக்கு. 600 கிராம் குட்டிக்கு ஒரு நாள் பேதியே உடம்பில் நீரை வற்றவைக்கப் போதும். தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு, அதில் இருந்த கொஞ்சம் சத்தும் பாதியாகும். தாயில்லாத, நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு மட்டும் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் வாங்குங்கள். எட்டு வாரத்துக்கு மேல் எந்தப் பாலும் தேவையில்லை.

சோறு நஞ்சல்ல. ஆனால் சின்ன வயிற்றில் அது அடைத்துக்கொள்ளும் இடம் முழுவதும் புரதத்துக்கு உரியது. சைவ வீடுகளில் தயிர்சோறு மட்டுமே போட்டு வளரும் குட்டிகள் வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிய, முடி மங்கி இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பூனை இறைச்சி இல்லாமல் வாழ முடியாத பிராணி. அசைவம் சமைக்க முடியாத வீட்டுக்கு டிரை ஃபுட்தான் நேர்மையான வழி.

வெறும் கறியே போதும் என்று நினைப்பது

இதுதான் மிகவும் அக்கறையுள்ளவர்கள் செய்யும் தவறு. பாக்கெட் எதற்கு, சுத்தமாகக் கோழிக்கறி வேகவைத்தே போடுவோம் என்பார்கள். எலும்பில்லாத 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கால்சியம் 10 மில்லிகிராம்தான். குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். சில வாரங்களில் குட்டி குதிக்கத் தயங்கும், தூக்கினால் கத்தும், பின்னங்கால் பின்னும், சோபாவிலிருந்து இறங்கினாலே எலும்பு முறியும். இடுப்பெலும்பு வளைந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மலச்சிக்கல். கறி நல்லதாக இருக்கிறதே, குட்டியும் ஆசையாகச் சாப்பிடுகிறதே என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இறைச்சியில் உள்ள டாரின் என்ற அமினோ அமிலம் இன்னொன்று. பூனையின் உடல் அதைப் போதுமான அளவு தானாகச் செய்துகொள்ளாது. குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இந்த இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகுதான் கேட் ஃபுட்டுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். மலிவு என்று நாய்க்குட்டித் தீனியைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம், நாய்த் தீனியில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்கும் என்று நம்ப முடியாது.

கறியை விட்டுவிடச் சொல்லவில்லை. அளவோடு சேர்த்தால் போதும். பத்து வாரக் குட்டிக்கு 45 கிராம் கிட்டன் டிரை ஃபுட், மேலே பிய்த்துப் போட்ட கறி ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் கோழி இதயத்திலும் டாரின் பல மடங்கு அதிகம். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். கறி மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். டாரின் நீரில் கரைந்து இறங்கும், ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் டிரை ஃபுட்டில் ஊற்றுங்கள். வெந்த எலும்பு கூராக உடையும், ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் டிரை ஃபுட் தீர்ந்து இரண்டு மூன்று நாள் கறியிலேயே ஓட்ட வேண்டி வந்தால், 200 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி சேருங்கள். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்தது. சமாளிப்புக்கு மட்டும்தான் இது.

கறிக்கடையில் ஈரல் மலிவாகக் கிடைக்கும், குட்டிகளுக்கும் உயிர். தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிப்போகும். வாரம் ஒரு முறை, கட்டைவிரல் நுனி அளவு. கடையில் இலவசமாகத் தரும் பச்சைக் கழிவு வேண்டவே வேண்டாம். சால்மோனெல்லா என்ற பாக்டீரியா மட்டுமல்ல, 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிடமே பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது.

மீனும் குழம்பும்

பச்சை மத்தி, நெத்திலியில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். தொடர்ந்து சாப்பிடும் குட்டி தள்ளாடும், தலை மார்பை நோக்கி மடங்கும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். ஆனால் வேகவைத்த மத்தியையும் தினமும் போட வேண்டாம். எண்ணெய் மிகுந்த மீனே சாப்பாடாகி வைட்டமின் இ குறைந்தால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும். வாரம் இரண்டு நாள், முள் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி. கருவாடு குட்டிக்கு ஆகாது, உப்பு.

குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது சிக்கனமாகத் தெரியும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் இறங்கியிருக்கும், இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யும், அதாவது ஒரு சின்ன வெங்காயம். வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. குழம்பு கூட்டுவதற்கு முன்பே குட்டியின் பங்கைத் தனியாக எடுத்து வேகவைத்துவிடுங்கள்.

கொடுக்கும் விதம்

நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டினால் சின்ன வயிறு தாங்காமல் கக்கிவிடும். நான்கிலிருந்து ஆறு வாரக் குட்டிக்கு ஒரு பங்கு டிரை ஃபுட்டுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலில் ஊறிய தீனி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. எறும்பு மொய்த்தால் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு மட்டும் போடாதீர்கள். அதில் உள்ள பைரித்ராய்டு நஞ்சை முறித்து வெளியேற்றும் திறன் பூனைக்குக் குறைவு, குட்டி அதை மிதித்துக் காலை நக்கும்.

ஆஃபரில் கிடைத்தது என்று மாதம் ஒரு பிராண்ட் மாற்றினால் பேதிதான். புதியதைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று ஏழு நாளில் ஏற்றுங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் வயிறு மட்டும் பானையாக இருந்தால் நீங்கள் வாங்குவதைப் புழு சாப்பிடுகிறது. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வரும். மூன்று வார வயதிலிருந்து பால் மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருந்து கொடுக்க வேண்டும், அளவு எடையைப் பொறுத்தது. அரசு கால்நடை மருந்தகங்களிலும், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குறைந்த செலவில் பார்க்கலாம்.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை குட்டியை நிறுத்து எழுதிவையுங்கள். நான்கைந்து மாதம் வரை வாரத்துக்கு 80, 100 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரம் ஏறாவிட்டாலும், அரை நாள் எதுவும் தொடாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். எடை எழுதிய தாள், பாக்கெட் பின்பக்கத்தின் ஃபோட்டோ, அன்று காலை மலத்தில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துச் சென்றால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.